பதினோராம் கலவை

அலஸ்தோட்டத்தில், முன்பு வெங்காயம் அடுக்கிய அறையில்
எங்கள் தொழிற்சாலை:
ஒரு கிளறி, இரண்டு வாளி,
ஜெசீமாவின் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து
இரவல் வாங்கித் தந்த விற்றராசு.
தவணை முடிய முதல் திருப்பிக் கொடுக்கவேண்டும்.
செய்வது, ஷாம்பூவும் கண்டிஷனரும்
ஒரே போத்தலில்.

பாலையூற்றிலிருந்து எஸ்மி பார்தலோட்
தன் சலூனில் கூட்டியதைப் பையில் கொண்டுவருவாள்.
சாயம் தின்ற மயிர். வெளுத்த மயிர்.
நிலாவெளியில் ஒரு மாதம் கடலோடு கிடந்துவிட்டு
விமானம் ஏற முதல்
யாரோ ஒருத்தி வெட்டிப் போட்டுப்போன மயிர்.
கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு
ஈரத்தில் சீப்பை இழுப்போம்.
முள் எங்கே நிற்கிறது என்று ஜெசீமா வாசிப்பாள்.
நான் எழுதுவேன்.

சிலிக்கன் எண்ணெய்க்கு வழுக்க மட்டும் தெரியும்.
பழுதான மயிரோ தண்ணீர்ப் பக்கம்,
எண்ணெயைத் திரும்பியும் பாராது.
தடவினோம், கழுவினோம்,
எல்லாம் கானுக்குள் போயிற்று.
அடுத்த லீற்றரும்.
கான் நன்றாய் மினுங்கியது.

பொலிமருக்கு ஒட்ட மட்டும் தெரியும்.
அதற்கு நேரேற்றம், மயிருக்கு மறையேற்றம்.
பழுது கூடிய இடமாய்ப் பார்த்துப் போய்க் குந்தும்.
அதைத் தனியே நம்பிய மூன்றாம் கலவை
கஞ்சி போட்ட வேட்டியாய் விறைத்தது.

இரண்டையும் சேர்த்தோம்.
ஐந்தாவது பிரிந்தது.
ஆறாவது போத்தலுக்குள் தயிராகி
மேலே தண்ணீர் நின்றது.
ஏழாவது நல்லதுதான்,
எஸ்மி மூன்று கிழமை பாவிக்கும்வரை.
"மழையில நனைஞ்ச காகம் மாதிரி இருக்கிறன், பார்"
வாசலிலேயே தலையைக் குனிந்து காட்டினாள்.
படைமேல் படை. நாங்கள்
தாராளமாய் ஊற்றியிருந்தோம்.

எண்ணெய் வாங்கிய கடனுக்குத் தவணை சொல்ல
மூதூர் போன அன்று மழை விட்டிருந்தது.
ஜெட்டியில் நின்றேன்.
கொட்டியாரக் குடாவில் மகாவலி,
மண்ணிறமும் நீலமும் ஒரு கோட்டில் முட்டின.
அத்தனை மைல் மிதந்து வந்த களி
உப்பைத் தொட்டதும் திரண்டு
அடியில் இறங்குகிறது.
அங்கே உப்புக் கூடித் திரள்வது
இங்கே உப்பும் சவர்க்காரமும் ஐதாகும்போது
திரளவேண்டும்.
போத்தலுக்குள் இருக்கும்வரை
ஒன்றையொன்று அறியாத பயணிகள்.
தலையில் தண்ணீர் விழுந்த பிறகுதான்
பொலிமர் திரண்டு, எண்ணெய்த் துளியைக்
கையோடு பிடித்துக்கொண்டு மயிரில் இறங்கவேண்டும்.
கிடைப்பது அரை நிமிடம்.
கழுவுகிற நேரம்தான் வேலை நேரம்.

எண்ணெயைப் பாதியாக்கினேன்.
துளியைச் சற்றுப் பெருப்பித்தேன்.
பொலிமர், நூற்றுக்குக் கால்.

பதினொன்று.
முள் பாதித் தூரமும் போகவில்லை.
ஜெசீமா இரண்டாம் தரம் இழுத்தாள், மூன்றாம் தரமும்.
பிறகு கதவைப் பூட்டி, யன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு
துணியைக் கழற்றி
வாளிக்கு மேலே குனிந்தாள்.
எட்டு மாதம் சேர்ந்து வாளி தூக்கியும்
நான் காணாத தலை.
காதுக்கு மேலே, பிடரியில்,
துணி உரசும் கோட்டில்
தும்பு தும்பாய் அறுந்திருந்தது.
"வெயிலும் இல்ல, கடலும் இல்ல, சாயமும் இல்ல.
துணிதான்."

மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாளும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.
எட்டாம் நாள், ஊசியைக் குத்திக்கொண்டே,
"இப்ப இழுபடுதில்ல" என்றாள்.

லேபிளுக்கு எஸ்மி எழுதியிருந்தது:
கண்ணைப் பறிக்கும் பளபளப்பு.
ஜெசீமா பேனை எடுத்து அதை வெட்டினாள்.
"யாருடைய கண்ணை?"
என்ன போடுவது என்று இன்னும் சண்டை.
அச்சகக்காரர் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்.

விற்றராசு திரும்பிப் போயிற்று.
கொக்கியில் ஒரு நீள மயிர் சுற்றிக் கிடந்ததாம்.
வகுப்பில் யாரோ பிள்ளை
முடிச்சுப் போடப் பார்த்திருக்கிறாள்.
நிற்கவில்லையாம்,
வழுக்கி வழுக்கிப் போனதாம்.